ஓரடித் தூரம்

“ஹபீபுக்குக் கத்துக்கொடுத்ததை எனக்கு ஏன் கத்துக்கொடுக்கலை, டீச்சர்?”

கனகசுந்தரம் கொடைக்கானலில் பஸ்ஸை விட்டு இறங்கி நேராக மைதானத்துக்கு வந்திருந்தார். கோல்ஃப் பை இன்னும் தோளில் தொங்கியது.

எஸ்தர் ரூபவதி புல்தரையில் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். கனகசுந்தரத்துக்கும் ஹபீபுக்கும் கோல்ஃப் கற்றுக்கொடுத்தவர், ஆனால் கனகசுந்தரத்தைவிட ஆறு வயது இளையவர். ஒரு காலத்தில் இந்த மலைகளில் எஸ்தரை எதிர்த்துப் பந்தயம் கட்ட ஆள் கிடையாது. இப்போது ஆட்டத்தை விட்டுவிட்டு மைதானத்தைப் பராமரிக்கிறார்.

“என்ன ஆச்சு?”

“ஊட்டியில யாரும் என்னோட ஆட வரலை. குன்னூர்ல ஒரு எஸ்டேட்காரர் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கிட்டார். ஹபீப் போனா மட்டும் கார் அனுப்புறாங்க. அவன்கிட்ட தோத்தவங்களே அவனைக் கூப்பிட்டு பிரியாணி போடுறாங்க.”

ஊர் ஊராகப் போய்ப் பந்தயம் கட்டி கோல்ஃப் ஆடுவதுதான் இருவருக்கும் பிழைப்பு. ஹபீப் முதல் மூன்று குழிகளைச் சிரித்துக்கொண்டே விட்டுக்கொடுப்பார். பிறகுதான் பந்தயத்தை ஏற்றி ஜெயிப்பார். கனகசுந்தரத்துக்கும் இந்த வித்தை தெரியும். ஆனால் முதல் குழியிலேயே ஜெயித்துவிடுவார். எதிராளி உஷாராகிவிடுவான்.

போகிற ஊரிலெல்லாம் கனகசுந்தரம், ஹபீப் எங்கே தங்கினார், யாரோடு சாப்பிட்டார் என்று விசாரிப்பார். கேட்டுவிட்டு வயிற்றெரிச்சல் படுவார். இருபது நாளாகச் சரியான தூக்கம் இல்லை.

“அவன் அடிக்கிறதைப் பார்த்திருக்கீங்களா டீச்சர்? தோள் ஒரு பக்கம் போகுது, இடுப்பு ஒரு பக்கம் போகுது. அவனுக்குப் போய்…”

எஸ்தர் கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தார்.

“என்னோட ஒரு குழி ஆடுங்க. என்கிட்ட தோத்துடுங்க. அவருக்கு என்ன கத்துக்கொடுத்தேன்னு சொல்றேன்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

கனகசுந்தரம் முதல் அடியிலேயே பந்தை வேண்டுமென்றே மரத்தடிக்கு அனுப்பினார். அடுத்த அடியில் மணலில் இறக்கினார். எஸ்தர் ஆறாவது அடியில் பந்தைக் குழிக்குள் போட்டு முடித்தார். கனகசுந்தரம் ஐந்து முறை அடித்திருந்தார்; குறைவாக அடித்தவருக்குத்தான் வெற்றி. அவர் பந்து குழிக்கு ஓரடித் தூரத்தில் கிடந்தது. உள்ளே போனால் சமம். தவறினால் தோல்வி.

குனிந்தார்.

குழிக்கு அந்தப் பக்கம் ஹபீப் நின்று பார்ப்பதுபோல் இருந்தது.

மட்டை தானாக நேரானது. பந்து உள்ளே விழுந்தது.

“இன்னொரு தடவை” என்றார் கனகசுந்தரம்.

இன்னொரு தடவை ஆடினார்கள். அதற்குப் பிறகும் ஒரு தடவை. கடைசி அடி வரும்போதெல்லாம் பந்து உள்ளே போனது. அவருக்கு வியர்த்துவிட்டது.

“போதும்” என்றார் எஸ்தர். “போன மாசம் ஹபீப் இங்க வந்திருந்தார்.”

“எதுக்கு?”

“கனகசுந்தரத்துக்கு மட்டும் எப்படி அவ்வளவு நேரா அடிக்கக் கத்துக்கொடுத்தீங்கன்னு கேக்க. அவருக்கும் தூக்கம் வரலையாம். இதே பந்தயத்தைத்தான் அவர்கிட்டயும் வச்சேன்.”

கனகசுந்தரம் தோளில் மாட்டப்போன பையை மறுபடி கீழே வைத்தார்.

“தோத்தானா?”

“முதல் தடவையே.”

“அப்போ அவன்கிட்ட என்ன சொன்னீங்க?”

“ஒண்ணும் சொல்லலை. தோத்ததுல அவருக்கு அப்படி ஒரு சிரிப்பு. கேக்க வந்ததையே மறந்துட்டுக் கிளம்பிட்டார்.”