மெஷினைக் காத்த மூவர்

கொர்ர்ர்ர்... கீய்ங்!

இருட்டி அரை மணி நேரம் ஆகியிருக்கும். போன கரண்ட் ஒரே குதியில் திரும்பி வந்த அந்த நொடியில், கொம்பேறிப்பட்டி பஸ் டிப்போ கேன்டீனுக்குள்ளிருந்து இந்தச் சத்தம் வந்தது. பூனை ஒன்று விசிலை விழுங்கிவிட்டு அழுதால் எப்படி இருக்கும், அப்படி.

கதவோரம் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றவர்கள் அண்ணன் தம்பிகள் மூன்று பேர். சவேரி, பாக்கியம், தொம்மை. கடைசித் தம்பி தொம்மைக்கே நாற்பது வயது. கேன்டீன் என்னவோ சவேரியின் மனைவி செசிலியின் பெயரில்தான். தங்கையின் பிரசவத்துக்காக அவள் திண்டுக்கல் போயிருந்தாள். கிளம்பும்போதே படித்துப் படித்துச் சொன்னாள்: "நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு டிப்போ மேனேஜர் காபி குடிச்சுப் பார்ப்பார். பிடிச்சிருந்தா இன்னும் மூணு வருஷம் கேன்டீன் நமக்கு. இல்லேன்னா எதிர்க்கடைக்காரனுக்கு. முதல் பஸ்ல வந்துருவேன். அதுவரைக்கும் காபி மெஷின் பத்திரம்!"

அந்த மெஷின்தான் இப்போது அழுதுகொண்டிருந்தது.

"அண்ணே, புகையும் வருது," என்றார் பாக்கியம். "அழுறவங்க யாராவது புகை விடுவாங்களா?"

"நம்ம மாமா விடுவாரே. பீடியைப் பிடிச்சுக்கிட்டேதானே அழுவார்," என்றார் தொம்மை.

அது நியாயமாகப் பட்டதால் கொஞ்ச நேரம் மாமாவைப் பற்றிப் பேசினார்கள். பிறகுதான் எலக்ட்ரீஷியன் காதர் பாய்க்கு போன் போட்டார்கள்.

"வோல்டேஜ் எகிறி உள்ளே ஒயர் கருகியிருக்கும்," என்றார் பாய். "முதல்ல மெயினை ஆஃப் பண்ணுங்க. யாரும் மறந்து போட்டுடாம ஒருத்தர் அதையே பார்த்துக்கிட்டு இருங்க. அப்புறம் மெஷினை நடு மேசைக்கு நகர்த்தி வைங்க. தொடும்போது கால் தரையில படக் கூடாது, பலகை மேல நிக்கணும். அரை மணியில வர்றேன்."

மெயினை ஆஃப் செய்தார்கள். பார்த்துக்கொண்டிருக்கும் பொறுப்பு பாக்கியத்துக்கு.

"அண்ணே, ஒண்ணுமே தெரியலையே. கும்மிருட்டு."

"லைட்டைப் போட்டுப் பாருடா."

"லைட் எரியலையே."

"மெயின் ஆஃப்ல இருந்தா எப்படி எரியும், மடையா? மெயினைப் போடு!"

போட்டார். லைட் எரிந்தது. மெயின் ஆஃபில் இல்லை என்பது தெளிவாகத் தெரிந்தது. மெஷினும் 'கீய்ங்' என்றது. பதறிப்போய் ஆஃப் செய்தார். மறுபடி இருட்டு. இப்படி பாக்கியம் தன் கடமையில் கண்ணாக இருந்ததில் மெஷின் பதினோரு தடவை அழுது, பிறகு அழக்கூடத் தெம்பில்லாமல் ஓய்ந்தது.

அடுத்தது பலகை. பலகை மேல் நின்றால் மெஷினைத் தூக்கலாம், நடக்க முடியாது. ஆகவே, சாப்பிட உட்காரும் மணைப்பலகைகளைக் கொண்டுவந்து காலுக்கு ஒன்றாகக் கயிற்றால் கட்டிக்கொண்டார்கள். கால் மொத்தம் ஆறு. மணை ஐந்துதான்.

"இப்ப என்னடா பண்றது?" என்றார் சவேரி.

தொம்மை ஒரு காலைத் தூக்கிக்கொண்டார்.

காதர் பாய் டார்ச்சோடு வந்தபோது நடு மேசையில் மெஷின் இருந்தது. அதைச் சுற்றி ஐந்து மணைகளில் மூன்று பேர் நின்றார்கள். ஒருவர் கொக்கு மாதிரி.

பாய் டார்ச்சை மேசை மேல் வைத்தார். மூவரின் கட்டையும் அவிழ்த்துவிட்டார். கருகிய ஒயரை மாற்றினார். தானே மெயினைப் போட்டு, ஒரு டம்ளர் காபி பிடித்துக் குடித்தார். நுரை மீசையில் ஒட்டியிருந்தது.

"அருமையா வருது. மேனேஜர் மயங்கிருவார். இப்ப ரெண்டே ரெண்டு விஷயம். செசிலி வர்ற வரைக்கும் இந்த மெஷின் இருக்கிற இடத்துல நீங்க மூணு பேரும் இருக்கவே கூடாது. ரெண்டாவது, இந்தப் பக்கம் திருட்டுப் பயம் ஜாஸ்தி. கதவை உள்பக்கமா தாழ்ப்பாள் போட்டுடுங்க."

பாய் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். மூவரும் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"நாம இங்க இருக்கக் கூடாதுன்னா வெளியே போகணும்," என்றார் சவேரி.

"வெளியே போயிட்டா உள்பக்கம் தாழ்ப்பாள் யார் போடுறது? மெஷினா?" என்றார் பாக்கியம்.

மூவரும் மெஷினைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அதுக்குக் கை இல்லை. மூக்குதான் இருக்கு," என்றார் தொம்மை வருத்தமாக.

அப்போது செசிலியின் போன் வந்தது. "மெஷின் சத்தம் போட்டுச்சுன்னு டிப்போல சொன்னாங்களே? இப்ப எப்படி இருக்கு?"

"சரியாயிருச்சு மதினி!" என்று தொம்மை கத்தினார். சொல்லும்போதே அவருக்கு வழி புலப்பட்டுவிட்டது. "இனி நாங்க நினைச்சாலும் அதைத் தொட முடியாது. நிம்மதியாத் தூங்குங்க."

பத்தே நிமிடம். மூவருமாக மெஷினைத் தூக்கிக்கொண்டு போய், டிப்போ வாசலில் ரோட்டோரமாக, விளக்குக் கம்பத்தின் கீழே வைத்தார்கள். தூறல் விழுந்ததால் சவேரி மனசு கேட்காமல் குடை ஒன்றை விரித்து அதன் மேல் வைத்தார். பிறகு மூவரும் கேன்டீனுக்குள் வந்தார்கள்.

பாக்கியத்துக்கு மட்டும் லேசாக உறுத்தியது. "அண்ணே, வெளியே திருடன் சுத்துறான்னாரே பாய்?"

"அதுக்குத்தானேடா இது," என்று சொல்லி, சவேரி மேல் தாழ்ப்பாளையும் கீழ்த் தாழ்ப்பாளையும் உள்பக்கமாக இறுக்கிப் போட்டார்.