எட்டுப் போட வந்த கார் கீச்சுனு கத்துன கதை

வாய் மட்டும் இல்லேன்னா பூவரசன நாய் தூக்கிட்டுப் போயிருக்கும்னு நாமக்கல்லுல ஒரு பேச்சு உண்டு. பாலிடெக்னிக்க ரெண்டாம் வருஷத்துலயே வுட்டுட்டு மெக்கானிக் ஆனவன். ஊர்ல ஓடாத வண்டியெல்லாம் ஓட வச்சவன்கிட்ட லைசென்ஸ் மட்டும் இல்ல. நாலு தடவ டெஸ்ட்ல வாயக் குடுத்தே ஃபெயிலு. எல்எல்ஆரும் இன்னையோட முடியுது. திங்கக்கெழம சேலத்து ஷோரூம்ல வேலை, லைசென்ஸோட வான்னுட்டாங்க.

இதுல டெஸ்ட் வண்டி வேற கழுத்தறுத்துச்சு. டிரைவிங் ஸ்கூல் சகாயமேரி அக்காவோட காரு நேராப் போனா பூனை மாதிரி போவுது. ஸ்டியரிங்க ஒடிச்சாப் போதும், பின்னாடி பிரேக்குல கீச்சுனு ஒரு கத்து. எட்டுப் போடறதே திரும்பறதுதான? பிரேக் இன்ஸ்பெக்டர் பத்து மணிக்கு வர்றாரு. கத்துற வண்டிய கிரவுண்டுக்குள்ளயே வுட மாட்டாரு.

"முடியுமா முடியாதா, சொல்லு தம்பி"ன்னாங்க அக்கா.

அவனுக்கே தெரியல. தெரியலன்னு சொல்ற பழக்கமும் கெடையாது. ஹேண்ட்பிரேக்க லேசா இழுத்துப் புடிச்சு ஒரு வட்டம் அடிச்சுப் பாத்தான். சத்தம் மாறவே இல்ல. அப்ப பிரேக் ஷூ மேல தப்பில்ல. இடப்பக்கம் ஒடிச்சாத்தான் அதிகமாக் கத்துது. அப்ப பாரம் வுழுவுற வலது சக்கரம். ஜாக்கி போட்டு சக்கரத்த ஆட்டிப் பாத்தான். ஆட்டமும் இல்ல, பேரிங்கும் நல்லாருக்கு. இனி பிரேக் டிரம்மக் கழட்டித்தான் பாக்கணும். வாயத் தொறந்துட்டான்.

"இதெல்லாம் ஒரு சத்தமாக்கா? கொல்லிமலைல ஒரு காரு, எழுபது வளைவுலயும் கத்தும். அந்தக் கத்துல அடிவாரத்துப் பண்ணையில மூணு லட்சம் கோழியும் பயந்து ஒரே நிமிசத்துல முட்டை போட்ருச்சு."

டெஸ்டுக்கு வந்திருந்த முட்டைக்கடை நல்லசாமி நிமிந்தாரு. "இருவது வருசமா முட்டை யாவாரம் பண்றேன். அப்படியொரு நாளு வரவே இல்லியேப்பா."

"எப்படிங்ணா வரும்? அடுத்த வளைவுல இன்னொரு கத்து. பாதி முட்டை பயந்து திரும்ப உள்ள போயிருச்சு."

போல்ட்டக் கழட்டிக்கிட்டே அடுத்தத எடுத்து வுட்டான். "இன்னொருத்தரு வண்டி. இதே மாதிரி இடப்பக்கம் ஒடிச்சாக் கத்தும். மனுசன் ரெண்டு வருசம் வலப்பக்கம் மட்டுந்தான் திரும்புனாரு. பக்கத்துத் தெருவுல மச்சினன் கல்யாணம். திருச்சி, மதுரை, பழனின்னு சுத்தி வந்து சேந்தாரு. அங்க மச்சினன் புள்ளைக்குக் காது குத்திட்டிருந்தாங்க."

காலேஜ் புள்ள தர்ஷினியும் டெஸ்டுக்குத்தான் வந்திருந்துச்சு. "உங்க ஷெட்டு இடப்பக்கமாச்சேண்ணா. எப்படி உள்ள வந்தாரு?"

"ரிவர்ஸ்ல."

"சரி, சத்தத்த எப்படிக் கண்டுபுடிச்ச?" நல்லசாமி வுடறதா இல்ல.

"எம்பதுல ஓடற வண்டிக்கு அடியில படுத்துக் காத வச்சுக் கேட்டேன்."

"வண்டிய ஓட்டுனது யாரு?"

"நாந்தான்."

அக்கா தலையில கைய வச்சுக்கிட்டாங்க. அந்நேரம் டிரம்மு கையோட வந்துச்சு. டிரம்முக்கும் பின்னாடித் தகடுக்கும் நடுவுல இருந்து புளியங்கொட்டை சைசுல ஒரு கல்லு பொத்துனு வுழுந்துச்சு. தகட்டு ஓரத்துல அது கீறுன கோடு பளபளன்னு இருந்துச்சு. பூவரசன் தூசியத் தொடச்சு, கீறல உப்புத்தாள்ல தேச்சு, டிரம்ம மாட்டி, சக்கரத்தப் போட்டு முறுக்குனான்.

பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் பக்கத்து சீட்டுல ஏறுனாரு. காரு எட்டுப் போட்டுச்சு. காம்பஸ்ல வரைஞ்ச மாதிரி எட்டு. டயர் மண்ணுல உருள்ற சத்தத்தத் தவிர மூச்சு இல்ல. திரும்பி வந்து மூணு பேருக்கும் முன்னாடி நின்னுச்சு.

"சுத்தமா ஓட்டுறியே. எங்கப்பா கத்துக்கிட்ட?"

"கத்துக்கறதா? சார், கொல்லிமலை எழுபது வளைவையும் ஆறு வருசமா கண்ண மூடிக்கிட்டு எறங்கறவன் நான்."

பேனா நின்னுச்சு. "ஆறு வருசமா. லைசென்ஸ் இல்லாம."

பூவரசன் ஸ்டியரிங்க வுட்டுட்டுக் கையெடுத்துக் கும்புட்டான். "சார், அது... புளுகு சார்." பொறந்ததுல இருந்து அவன் அதை ஒத்துக்கிட்டது அன்னைக்குத்தான்.

இன்ஸ்பெக்டர் ஜன்னல் வழியா வெளிய பாத்தாரு. காலைல இருந்து ஒரு வார்த்தையக் கூட நம்பாத நல்லசாமி முன்னாடி வந்தாரு. "நெசந்தானுங்க சார். நானே பாத்திருக்கேன்."

தர்ஷினியும் ஆமாம்னு தலையாட்டுச்சு. அக்கா மேகத்தப் பாத்தாங்க.

ஷோரூம் வேலை கண்ணு முன்னாடி டாட்டா காட்டுச்சு. "சார், சத்தியமா சார், நான் ஸ்டியரிங்கயே இன்னைக்குத்தான் தொடறேன்."

இன்ஸ்பெக்டர் மண்ணுல கெடந்த எட்ட ஒரு தடவ பாத்தாரு. அவன ஒரு தடவ பாத்தாரு. காயிதத்துல கையெழுத்தப் போட்டாரு.

"பாஸு. ஆறு வருசங்கறது புளுகாவே இருந்துட்டுப் போவட்டும். ஆனா இன்னைக்குத்தான் தொட்டேன்னு மட்டும் வெளிய சொல்லிராத. என் வேலைக்கு உலை வச்சிருவ."