ஆறு எலும்பு

எக்ஸ்ரே படத்தை உறையிலிருந்து உருவினால் ஒரு சத்தம் வரும். மலைக்கு அப்பால் இடி உருளுகிற மாதிரி. படங்கள் பிலிமில் இருந்த காலத்தில் அந்தச் சத்தத்தோடுதான் வகுப்பு தொடங்கும்.

பேராசிரியை மரியபுஷ்பத்துக்கு நாற்பது வயது. மாணவர் வேதமுத்துவுக்கு ஐம்பதைத் தாண்டியிருந்தது. கிராமத்து ஆஸ்பத்திரிகளில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, எக்ஸ்ரே பார்க்கக் கற்க வந்த டாக்டர்.

கூடப் படித்தவள் நஸ்ரீன். அவருடைய மகள் வயது.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க சார்."

"இதைத்தான் கேக்கணும். அவளை வாம்மா, போம்மாங்கறீங்க. என்னை சார்ங்கறீங்க. அவ ஒரு விரிசலைக் கண்டுபிடிச்சா எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டறீங்க. நான் கண்டுபிடிச்சா தலையை மட்டும் ஆட்டறீங்க. எனக்கு என்ன குறை?"

மரியபுஷ்பம் வெளிச்சப் பெட்டியில் ஒரு முழங்கால் படத்தைச் செருகினார்.

"என்ன தெரியுது?"

"மூட்டுத் தேய்மானம். உள்பக்க இடைவெளி நல்லாவே குறைஞ்சிருக்கு."

"யாருக்கு?"

வேதமுத்து படத்தின் மூலையில் இருந்த எண்ணைப் படித்துச் சொன்னார்.

"சரி, போங்க சார்."

அவர் வெந்துகொண்டே போனார்.

மறுநாள் காலை, வழக்கம்போல நஸ்ரீன் பார்த்து முடித்த படங்களை எடுத்துப் பார்த்தார். ஒரு தப்பாவது அகப்படாதா?

அகப்பட்டது.

தென்னையிலிருந்து விழுந்த ஏசுவடியான் என்பவரின் கழுத்து. பக்கவாட்டுப் படம். 'எலும்புகள் இயல்பாக உள்ளன' என்று நஸ்ரீன் எழுதியிருந்தாள்.

கழுத்தில் ஏழு எலும்பு. தோள் உயர்ந்திருந்தால் கடைசி எலும்பு நிழலில் மறைந்துவிடும். ஏழும் தெரியாவிட்டால் கையைக் கீழே இழுத்துப் பிடித்து மறுபடி படம் எடுக்க வேண்டும். முதல் வாரப் பாடம்.

இந்தப் படத்தில் ஆறுதான் தெரிந்தது.

வேதமுத்து இரண்டாம் முறை எண்ணினார். படத்தை உறைக்குள் போட்டுக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். அன்று காலை அவருக்குக் காப்பி இனித்தது.

மதிய வகுப்பில் அவரே எழுந்து படத்தைச் செருகினார்.

"நஸ்ரீன் டாக்டர் கொஞ்சம் எண்ணிச் சொல்லட்டும்."

அவள் எண்ணினாள். முகம் வெளுத்தது.

"ஆறு. நான்... நான் எண்ணவே இல்ல மேடம்."

மரியபுஷ்பம் படத்தின் அருகே வந்தார். நெடுநேரம் பார்த்தார்.

"நல்ல கண்ணு உங்களுக்கு."

இந்த ஒரு வார்த்தைக்காக வேதமுத்து எத்தனை நாள் காத்திருந்தார்! சிரிப்பை அடக்க முடியவில்லை.

"எப்போ பாத்தீங்க?"

"காலையிலேயே பாத்துட்டேன் மேடம். வகுப்புல எல்லாருக்கும் பிரயோஜனப்படுமேன்னு..."

நாற்காலி விழுந்த சத்தம் கேட்டது. நஸ்ரீன் வராந்தாவில் ஓடிக்கொண்டிருந்தாள்.

"நீங்க பாத்தப்போ அந்த ஆள் எங்க இருந்தார்?"

"வெளியே பெஞ்சில."

"எப்படி?"

வேதமுத்துவின் சிரிப்பு போயிருந்தது.

"ரெண்டு கையாலயும் தலையைத் தாங்கிப் பிடிச்சுக்கிட்டு."

மரியபுஷ்பம் வெளிச்சப் பெட்டியை அணைத்தார்.

ஏசுவடியான் அதற்குள் ஊருக்கு பஸ் ஏறியிருந்தார். பாதி வழியில் கை மரத்தது. நிழலில் மறைந்திருந்த ஏழாவது எலும்பு உடைந்து நரம்பை அழுத்தியிருந்தது. பிழைத்துக்கொண்டார். விரல்கள் மடங்கவில்லை, கடைசிவரை அவர் மனைவிதான் சோறு ஊட்டினாள்.