ஆறிப்போன டயர்

மும்தாஜ் ஒரு கார் பந்தய அணிக்குக் குரு. குரு என்றதும் தாடியைத் தேட வேண்டாம். தலையில் தொப்பி, கையில் காற்றழுத்தம் பார்க்கும் கேஜ், அவ்வளவுதான். அவரிடம் பயின்ற திருமூர்த்தி அவரைவிட ஐந்து வயது மூத்தவர். உடுமலைப்பேட்டையில் பஞ்சு வியாபாரம். ரேஸ் பித்து தலைக்கேறி, வாரம் தவறாமல் கோயம்புத்தூர் பந்தயத் தடத்துக்கு வந்துவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை பந்தயம். அணியிடம் இருந்தது ஒரே வண்டி. அதை யார் ஓட்டுவது என்பதை மும்தாஜ்தான் சொல்ல வேண்டும். திருமூர்த்திக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை கேட்டேவிட்டார்.

"மேடம், நான் தயாராயிட்டனுங்களா?"

"நீங்க என்ன நினைக்கிறீங்க சார்?"

"பயமே இல்லீங்க. எந்த வளைவும் எனக்கு ஒண்ணுதான்."

"நல்லது. பத்து ரவுண்டு போயிட்டு வாங்க. வந்து டயர்ல காத்து எவ்வளவுன்னு பார்த்துச் சொல்லுங்க."

திருமூர்த்தி போனார், வந்தார். முகம் கழுவினார். நிழலில் உட்கார்ந்து டீ குடித்தார், வடை தின்றார், வீட்டுக்குப் போன் பேசினார். பிறகு நிதானமாகக் கேஜை எடுத்தார்.

"காலைல வச்ச அளவு அப்படியே இருக்குதுங்க," என்றார் பெருமையாக.

"எப்பப் பார்த்தீங்க?"

"இப்பத்தானுங்க. வந்தவுடனே தொட்டா சுடுதுங்களே."

மும்தாஜ் சிரித்துவிட்டார்.

"டயரும் உங்ககூட உட்கார்ந்து டீ குடிச்சிருக்கு சார். சூட்டுல ஏறின அழுத்தம் ஆறினதும் இறங்கிடும். மறுபடி போயிட்டு வாங்க."

இந்த முறை வண்டி வந்து நிற்கும் இடத்தில் மும்தாஜே காத்திருந்தார். திருமூர்த்தி ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் நான்கு டயரையும் அளந்து முடித்தார். எல்லாவற்றிலும் கேஜ் முள் காலை அளவைத் தாண்டி ஏறியிருந்தது. இடப்பக்க முன் டயரில்தான் எல்லாவற்றையும்விட அதிகம். அதன் வெளி விளிம்பு மட்டும் அரைபட்டு, ரப்பர் துணுக்குத் துணுக்காகக் கையோடு வந்தது.

திருமூர்த்தி இறங்கி வந்து பார்த்தார்.

"காத்தைக் கொஞ்சம் குறைச்சுப் பார்க்கலாமுங்களா?"

"பார்க்கலாம். காலைல என்கிட்ட ஒண்ணு கேட்டீங்களே, அதை இப்பக் கேளுங்க."

திருமூர்த்தியின் காதோரம் வியர்வை வழிந்தது. ஹெல்மெட்டைத் தரையில் வைத்துவிட்டு அந்த டயரின் முன் குந்தினார்.

"அந்த மூணாவது வளைவுங்க," என்றார் கடைசியில். "வலப்பக்கம் திரும்பறப்ப பயமாயிடுதுங்க. பாதி வளைவுல பிரேக்கை மிதிச்சுடறேன். ஒவ்வொரு ரவுண்டும்."

சொன்ன பிறகு அவருக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் அன்று முதல்முறையாக மூச்சு சீராக வந்தது.

மும்தாஜ் கையில் ஒட்டிய ரப்பரைத் தட்டிவிட்டார்.

"வலப்பக்கம் திரும்பினா பாரமெல்லாம் இடப்பக்க டயர் மேலதான். இந்த டயரும் அதைத்தான் சொல்லுது."

"அப்ப வண்டி வேற ஆளுக்குத்தானுங்களா?"

"காலைல ஒருத்தர் வந்து பயமே இல்லைன்னு சொன்னார். அவருக்கு வண்டி கிடையாது. நாளைக்கு மூணாவது வளைவை மட்டும் பார்ப்போம். ஞாயித்துக்கிழமை நீங்க ஓட்டுங்க."