மூடி வைத்த தண்ணீர்

கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் இரண்டாம் வாரம். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குச் சற்று முன்னதாக ஃபாதர் இன்னாசி தவ இல்லத்துக்கு வந்து சேர்ந்தார். ஸ்கூட்டரை நிறுத்தி ஸ்டாண்ட் போடுவதற்குள் இரண்டு போன் பேசி முடித்துவிட்டார்.

தவ இல்லம் உப்பளங்களைத் தாண்டி, உடைமரங்களுக்கு நடுவில் இருந்தது. நான்கு அறை, ஒரு சிற்றாலயம், ஒரு வேப்பமரம். அதன் தலைவி சிஸ்டர் அமலோற்பவத்துக்கு வயது நாற்பத்தொன்று. பங்குத்தந்தை இன்னாசிக்கு ஐம்பத்தாறு. ஆனாலும் நான்கு வருடமாக மனதில் எது சிக்கினாலும் அதை அவர் இங்கேதான் கொண்டுவந்து அவிழ்ப்பார். ஒரு பெண்ணிடம், அதுவும் வயதில் சின்னவரிடம் போய் நிற்கிறாரே என்று மற்ற குருக்கள் கேலி பேசினார்கள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த ஒரு விஷயத்துக்காகவாவது அவரைப் பாராட்டத்தான் வேண்டும்.

சிஸ்டர் வேப்பமரத்தடியில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"வாங்க ஃபாதர்."

"கோவிச்சுக்காதீங்க சிஸ்டர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நீங்க போன் பண்ணப்போ சரியா பேச முடியல. கிறிஸ்துமஸ் குடில்ல இந்த வருஷம் அருவி வைக்கிறோம். மோட்டார் ஓடல. ஏணி மேல நின்னுட்டிருந்தேன்."

"நல்லா இருக்கீங்களான்னு கேட்டேன். நல்லா இருக்கேன்னு சொன்னீங்க. எனக்கு அது போதும்."

ஃபாதர் மரத்தடிக் கல்லில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் போன் அடித்தது. பாடகர் குழுப் பெண்களுக்குப் புடவை நீலமா சிவப்பா என்று கேட்டார்கள். நீலம் என்றார்.

"இதான் சிஸ்டர் என் கதி. ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துல 'அமைதியா இருங்க, ஆண்டவருக்காகக் காத்திருங்க'ன்னு சொல்றேன். சொல்லும்போதே மைக் செட்காரனை ஓரக்கண்ணால பாக்குறேன். ஜெபப் புத்தகத்தைத் திறந்தா கேரல் லாரிதான் ஞாபகம் வருது. மனசு அடங்கவே மாட்டேங்குது."

"சரி."

"ஒரு அறை குடுங்க. மூணு நாள் வேண்டாம், ஒரு நாள் போதும். எப்படி உட்கார்ந்தா மனசு அடங்கும், அதை மட்டும் சொல்லுங்க."

சிஸ்டர் கீரைத் தட்டைக் கீழே வைத்தார். சற்று யோசித்தார்.

"பத்து மணிக்கு வர்றேன்னு சொன்னவர் ஒருத்தர் இருக்கார். அவர் வர்ற வரைக்கும் உள்ள உட்காருங்க. அதுவரைக்கும் தண்ணி குடிக்க வேண்டாம்."

"யாரு சிஸ்டர்? பெரியவர் யாராவதா?"

"உங்களுக்குத் தெரிஞ்சவர்தான்."

கடைசி அறையில் ஒரு கட்டிலும் ஒரு நாற்காலியும் இருந்தன. சிஸ்டர் ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டார். அதன்மேல் வெள்ளைத் துணி விரித்தார். சிலுவையில் அறையுண்ட ஆண்டவரின் பாடுபட்ட சுரூபத்தை நடுவில் வைத்து, இரண்டு பக்கமும் மெழுகுவர்த்தி ஏற்றினார். பக்கத்து ஜன்னல் திட்டில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துத் தட்டால் மூடினார். கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டுப் போனார்.

இப்படி ஒரு மேசையை ஃபாதர் இன்னாசி எத்தனை நூறு வீடுகளில் பார்த்திருப்பார்! அன்றைக்கும் பார்த்தார். பார்த்ததோடு சரி.

முதல் இரண்டு மணி நேரம் சுலபமாகப் போனது. போன் இருந்ததே. நட்சத்திரத்துக்கு சீரியல் பல்பு, கேக்குக்கு முந்திரி, ஜெனரேட்டர், வைக்கோல் எல்லாவற்றையும் நாற்காலியில் இருந்தபடியே ஏற்பாடு செய்தார். பன்னிரண்டு மணிக்கு சிற்றாலயத்தில் மூவேளைச் செப மணி அடித்தபோது மட்டும் எழுந்து நின்று சிலுவை போட்டுக்கொண்டார். அதற்குக் கொஞ்சம் பிறகு போன் அணைந்துவிட்டது.

"சிஸ்டர், சார்ஜர் இருக்கா?" என்று வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"இல்ல ஃபாதர்" என்று அடுக்களையிலிருந்து பதில் வந்தது.

பிறகு நேரம் நகர மறுத்தது. காலைப் பூசைக்குப் பின் குடித்த அரை டம்ளர் காபிதான் வயிற்றில் இருந்தது. நாக்கு அண்ணத்தில் ஒட்டியது. சாம்பார் கொதிக்கும் வாசனை வந்தது, யாரும் சாப்பிடக் கூப்பிடவில்லை. ஜன்னல் வழியாக உப்பளத்து ரோடு தெரிந்தது. தூரத்தில் புழுதி கிளம்பும்போதெல்லாம் எழுந்து பார்த்தார். வந்தவை எல்லாம் உப்பு லாரிகள். அவை நிற்காமல் போயின.

இரண்டு மணிக்கு எரிச்சல் வந்தது. மூன்று மணிக்கு, வருகிறவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று வார்த்தை வார்த்தையாகத் தயார் செய்துவிட்டார். மெழுகுவர்த்தி இரண்டும் கரைந்து, திரி சாய்ந்து, ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன. டம்ளர் அதே இடத்தில் இருந்தது. கையை நீட்டினால் எட்டும்.

நான்கு மணிக்கு சிஸ்டர் வந்து கட்டிலில் உட்கார்ந்தார். அவருடைய உதடும் காய்ந்திருந்தது. ஃபாதர் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை.

"யார் சிஸ்டர் அந்த மனுஷன்? சொன்னா சொன்ன நேரத்துக்கு வரவேண்டாமா? வர முடியலன்னா ஒரு வார்த்தை சொல்லி அனுப்பக் கூடாதா? இன்னொருத்தர் உட்கார்ந்திருப்பாங்களேன்னு ஒரு நினைப்பு வேண்டாமா?"

"மூணு மணி நேரத்துக்கு மேலாப் போன்கூட இல்ல. மனசு அடங்குச்சா?"

"எங்க அடங்குச்சு? கொதிச்சுது."

"என்ன நினைச்சீங்க அவரைப் பத்தி?"

"பெரிய மனுஷன்கிற திமிருன்னு நினைச்சேன். நம்மளைக் கிள்ளுக்கீரையா நினைச்சுட்டான்னு நினைச்சேன். பொய் சொல்லுவானேன்."

"வழியில அவருக்கு ஏதாவது ஆயிருக்குமோன்னு தோணுச்சா?"

ஃபாதர் இன்னாசி நேர்மையானவர். யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

"இல்ல சிஸ்டர். தோணல."

"தொம்மைக்குத் தோணுச்சு."

அவர் முதலில் வெறுமனே பார்த்தார். பிறகு முக்காலியைப் பார்த்தார். வெள்ளைத் துணி, பாடுபட்ட சுரூபம், அணைந்த இரண்டு மெழுகுவர்த்தி. படுத்திருக்கும் நோயாளிக்குக் குரு நற்கருணை அப்பம் கொண்டுவரும் வீட்டில் போடும் மேசை அது.

தொம்மை லாரி டிரைவர். மூன்று வருடத்துக்கு முன் அளத்து ரோட்டில் வண்டி கவிழ்ந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்வு போய்ப் படுக்கையில் கிடப்பவர். மாதத்தின் முதல் வெள்ளி, காலை பத்து மணிக்கு அவர் வீட்டுக்கு நற்கருணை கொண்டுபோவது பங்குத்தந்தையின் கடமை. இந்த மாதமும் உண்டு என்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் அவரே அறிவித்தார். வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கு மோட்டார் வந்து இறங்கியது. மறந்துவிட்டார் என்றால்கூட மன்னித்துவிடலாம். பதினோரு மணிக்கு ஞாபகம் வந்தது. அடுத்த மாசம் பாத்துக்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஏணியில் ஏறினார்.

அந்தப் பதினோரு மணியை அவர் அதன்பிறகு நினைக்கவே இல்லை. இப்போது நினைத்தார். காது மடல்வரை சூடேறியது. சிஸ்டரின் முகத்தைப் பார்க்க முடியாமல் தன் கால் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்படி வெட்கப்பட்டு அவருக்குப் பல வருடம் ஆகியிருந்தது.

"வெறும் வயித்தோடவா இருந்தாரு?" என்று கேட்டார்.

"அவரு வேற எப்படி இருப்பாரு? நற்கருணை வாங்குற வரைக்கும் பச்சத் தண்ணி பல்லுல படக் கூடாது. அவங்க அப்பா பழக்கின பழக்கம்."

"வாங்குறதுக்கு முன்னால ஒரு மணி நேரம் சாப்பிடாம இருந்தாப் போதும்னு நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன்."

"நானும் சொல்லியிருக்கேன். சிரிப்பாரு."

"அவர் வீட்டம்மா?"

"காலையில மேசை போட்டு, மெழுகுவர்த்தி ஏத்தி வச்சுட்டு அளத்துக்கு வேலைக்குப் போயிட்டாங்க. ஃபாதர் பத்து மணிக்கு வந்துருவாரேன்னு நம்பித்தான் போனாங்க. படுக்கைப் புண்ணுக்கு மருந்து வைக்க நான் சாயங்காலம் அஞ்சரைக்குப் போனேன். மெழுகுவர்த்தி எரிஞ்சு முடிஞ்சிருந்துச்சு. டம்ளர் தலைமாட்டுல மூடினபடியே இருந்துச்சு."

"திட்டினாரா?"

"இல்ல. வீடு அவ்வளவு அமைதியா இருந்துச்சு ஃபாதர். வாசல்ல செருப்பைச் சத்தமில்லாமக் கழட்டிட்டு உள்ள போனேன். அவரு ஜெபமாலை சொல்லிட்டிருந்தாரு. எத்தனாவதுன்னு அவருக்கே தெரியல. உங்களுக்காகத்தான் சொல்லிட்டிருந்தாரு."

ஃபாதர் நிமிரவில்லை.

"'சாமி வண்டியில வாறவரு. இந்த ரோட்டுல உப்பு லாரிக்காரன் கண்ணு மண்ணு தெரியாம வருவான் சிஸ்டர். நான் ஓட்டுனவன், எனக்குத் தெரியும். சாமி சொன்னா வராம இருக்க மாட்டாவ'ன்னாரு."

வெளியே ஒரு லாரி போனது. ஜன்னல் கம்பி அதிர்ந்து நின்றது.

சிஸ்டர் எழுந்துபோய்த் தட்டை எடுத்துவிட்டு டம்ளரை அவர் கையில் கொடுத்தார்.

"பத்து மணிக்கு வர்றேன்னு சொன்னவர் இப்ப வந்தாச்சு. குடிங்க."

ஃபாதர் இன்னாசி வாய்வரைக்கும் கொண்டுபோனார். குடிக்க முடியவில்லை. இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நீங்க போனப்புறம் அவரு குடிச்சாரா?"

"குடுத்தேன். தள்ளி வச்சுட்டாரு. 'சாமி நல்லா இருக்காவளான்னு மொதல்ல கேட்டுச் சொல்லுங்க, பொறவு குடிக்கேன்'னாரு. அதுக்குத்தான் ஃபாதர், அன்னைக்கு உங்களுக்குப் போன் பண்ணேன்."