மலையில் எரியும் விளக்கு

பூங்கோதைக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவாள். வெள்ளைக் கார் பட்டறை வாசலில் மறுபடியும் வந்து நின்றபோது ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தாள்.

மேட்டுப்பாளையத்தில், கோத்தகிரி சாலை மலையேறத் தொடங்குவதற்குச் சற்று முன்னால் இருந்தது அந்தப் பட்டறை. கார்களுக்கு மின்சார வேலை மட்டும் செய்வார்கள். நடத்துகிறவர் ஹனீபா. மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டும் வேலையை விட்டுவிட்டு அவரிடம் தொழில் கற்க வந்தவள் பூங்கோதை. வயதில் அவரைவிடச் சற்று மூத்தவள். அவள் அவரைப் பாய் என்பாள், அவர் அவளை அக்கா என்பார். ஆனால் வேலையில் தப்பு வந்தால் அக்கா என்று பார்க்க மாட்டார்.

வெள்ளைக் கார் வருவது இது மூன்றாவது தடவை. ஒரே புகார்தான். ஓட்டுகிறவர் சீட் பெல்ட் போட்டிருந்தாலும் போடவில்லை என்று விளக்கு எரிகிறது, பீப் பீப் என்று கத்துகிறது. கூடவே ஏர்பேக் விளக்கும் எரிகிறது.

முன்பு இரண்டு தடவையும் காரைக் கொண்டுவந்தவர் சண்முகவேல். தினமும் அதை ஓட்டுவது அவர் மனைவி பத்மாவதி. மலைக் கிராமங்களுக்குப் போய்வரும் செவிலியர்.

"நான் ஓட்டினா ஒண்ணும் வர்றதில்லீங்க," என்று முதல் நாளே சொன்னார் சண்முகவேல். "அவ ஓட்டினாத்தான் எரியுதாம். எதுக்கும் ஒருக்கா பாத்துருங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தார். பூங்கோதையும் சிரித்தாள்.

அன்று ஸ்கேனரை மாட்டிப் பார்த்தாள். பெல்ட் லைனில் எப்போதோ தொடர்பு விட்டுப்போனதாகப் பழைய பதிவு ஒன்று இருந்தது. இப்போது எல்லாம் சரி. பெல்ட்டைச் செருகும் பக்கிளை மாற்றினாள், பதிவை அழித்தாள். அடுத்த தடவை சீட்டுக்கு அடியில் இருந்த கனெக்டரைச் சுத்தம் செய்தாள். தானே மலைப்பாதையில் கொஞ்ச தூரம் ஓட்டியும் பார்த்தாள். விளக்கு எரியவில்லை.

இந்தத் தடவை சண்முகவேல் ஓட்டி வந்தார். பக்கத்து சீட்டிலிருந்து பத்மாவதி இறங்கினார். உயரம் குறைவானவர். சீருடையோடு வந்திருந்தார்.

"நேத்து மேலிருந்து பிரசவ வலியோட ஒரு பொண்ணைக் கூட்டிட்டு வந்தேன்," என்றார் பூங்கோதையிடம். "இறங்கற வழியெல்லாம் இந்தச் சத்தம். அந்தப் பொண்ணு வலியில கத்தறா. அவ அம்மா, வண்டிக்கு என்னமோ ஆகப்போகுதுன்னு அழுவறாங்க. நீங்க ரெண்டு தடவை சரி பண்ணிக் கொடுத்த வண்டி."

பூங்கோதை ஏறி உட்கார்ந்து, இன்ஜினை ஓடவிட்டு, பெல்ட்டை மாட்டினாள். விளக்கு அணைந்தது. ஸ்கேனரைத் திருப்பிக் காட்டினாள்.

"நீங்களே பாருங்க. இல்லாத கம்ப்ளைண்ட்டை நான் எங்கிருந்து எடுக்கறது?"

"அப்ப நான் பொய் சொல்றனா?"

"அப்படிச் சொல்லலீங்க."

"வாயால சொல்லல."

"விடு பத்மா," என்றார் சண்முகவேல். "அந்தச் சத்தம் வர்ற வயரைக் கட் பண்ணிட்டாப் போச்சு. நிம்மதியா இருக்கும்."

"உங்களுக்கு நிம்மதி. உருண்டா உருளப்போறது நான்."

பூங்கோதை ஸ்கேனரைப் பக்கத்தில் வைத்தாள். "கட் பண்றதுன்னா சொல்லுங்க. அஞ்சு நிமிஷ வேலை."

பட்டறையின் மறுகோடியில் வேறொரு காரில் குனிந்திருந்த ஹனீபா அதன் பானெட்டை ஓங்கிச் சாத்தினார். மூவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அக்கா, கீழ இறங்குங்க."

பூங்கோதை இறங்கினாள். ஹனீபா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பத்மாவதியிடம் போனார்.

"நீங்க ஏறுங்கம்மா. மலைக்குப் போறப்ப எப்படி உக்காருவீங்களோ அப்படியே உக்காருங்க."

பத்மாவதி ஏறினார். கால் கிளட்சுக்கு எட்டவில்லை. அடியிலிருந்த கம்பியைத் தூக்கி, சீட்டை முன்னால் நகர்த்தினார். கடைசிவரை நகர்த்தினார். பெல்ட்டை மாட்டினார்.

விளக்கு எரிந்தது. பீப் சத்தம் பட்டறை முழுக்கக் கேட்டது.

"பின்னாடி தள்ளுங்கம்மா."

சத்தம் நின்றது.

"முன்னாடி."

மறுபடி கத்தியது.

பூங்கோதை அந்த சீட்டில் எத்தனையோ தடவை உட்கார்ந்தவள். சண்முகவேலின் உயரம்தான் அவளுக்கும். ஒருதடவைகூட அதை நகர்த்தத் தேவைப்படவில்லை.

"பேட்டரியைக் கழட்டுங்க," என்றார் ஹனீபா. "கொஞ்ச நேரம் கழிச்சு சீட்டைத் தூக்குங்க. ஏர்பேக் லைன். அவசரப்படாதீங்க."

சீட்டைத் தூக்கியதும் தெரிந்தது. சீட்டோடு நகர வேண்டிய வயர்க் கட்டு அடிக் கம்பியோரம் சிக்கியிருந்தது. சீட் முன்னால் போனால் அது விறைத்துக்கொள்ளும். மேலே பிளாஸ்டிக் உறை முழுசாக இருந்தது. பூங்கோதை விரலால் லேசாக இழுத்தாள். உறை ரப்பர் மாதிரி நீண்டு கொடுத்தது. உள்ளே செம்பு அறுந்திருந்தது.

"இப்படியேதானே நேத்து இறங்கி வந்தேன்," என்றார் பத்மாவதி. "எங்காவது மோதியிருந்தா?"

"பெல்ட் இருந்திருக்கும்மா. இறுக்கிப் பிடிச்சிருக்காது," என்றார் ஹனீபா. "ஏர்பேக்கும் சந்தேகம்தான்."

பத்மாவதி கணவரைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் அப்பவே நினைச்சேன், வயர்லதான் ஏதோ இருக்கும்னு," என்றார் சண்முகவேல்.

மத்தியானம் கோயம்புத்தூரிலிருந்து புது வயர்க் கட்டு வந்தது. எங்கும் சிக்காதபடி தளர்வாக விட்டு மாட்டினாள் பூங்கோதை. சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். பத்மாவதி சாவிக்குக் கையை நீட்டினார். வாங்கிக்கொண்டு, அவளிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் ஏறி, சீட்டை முன்னால் இழுத்து ஓட்டிக்கொண்டு போனார். சண்முகவேல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

கார் சாலைக்கு ஏறும்வரை பொறுத்திருந்தாள் பூங்கோதை.

"நினைச்சாராமே பாய். எப்படிப் பேசறார் பாத்தீங்களா அந்த ஆளு? அவராலதான் எனக்குக் கெட்ட பேரு."

ஹனீபா கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அவர் என்ன பண்ணினார்?"

"அந்தம்மாவுக்குத்தான் ஏதோ கோளாறுங்கற மாதிரியே பேசினார். நானும் நம்பிட்டேன்."

"என்ன சொன்னார்? அவர் சொன்ன மாதிரியே சொல்லுங்க."

"அவ ஓட்டினாத்தான் எரியுதுன்னார்."

"என்னிக்குச் சொன்னார்?"

"மொத நாளே."

ஹனீபா துணியை உதறி மேசைமேல் போட்டார். அவர் கோபம் இன்னும் இறங்கியிருக்கவில்லை.

"கம்ப்ளைண்ட் எங்க இருக்குன்னு அந்த ஆளு மொத நாளே சொல்லிட்டார். அப்புறமும் அந்தம்மாவை ஏன் கூப்பிடல?"