நீள வயர் பிடித்த முள்

ஓசூரில் ஒரு பவர் சப்ளை கம்பெனி. தலைமை இன்ஜினியர் வரதராஜன் வாயைத் திறந்தால் லேப்பே கப்சிப். அன்று அவசரமாக அவரே, மின் அலையைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்பின் தொடுமுனையான புரோபை எடுத்து போர்டில் மாட்டினார். திரையில் அலை முழுக்க முள் முள்ளாக நின்றது.

"கன்ட்ரோலர் சிப்பே சரியில்ல. சாயங்காலத்துக்குள்ள இந்த முள் போகலேன்னா, டிசைன் பண்ணின செல்வின் வீட்டுக்குப் போகலாம்!"

செல்வினின் முகம் செத்துப்போனது. பயிற்சிக்கு வந்திருந்த இசக்கியம்மாளுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. புரோபின் முனையையும், அதிலிருந்து நீண்டு தொங்கிய கிரவுண்டு வயரின் கிளிப்பையும் போர்டில் ஒரே புள்ளியில் வைத்தாள். முள் அப்படியே நின்றது.

"ஒரே இடத்துக்கும் அதே இடத்துக்கும் நடுவுல வோல்டேஜ் எப்படி சார் வரும்?"

வரதராஜன் திரைக்கு அருகே குனிந்தார். அவள் நீளமான கிரவுண்டு வயரைக் கழற்றிவிட்டு, அதற்குப் பதிலாக முனையருகே குட்டிக் கம்பி ஒன்றைச் சுற்றி சிப்பைத் தொட்டாள். அலை வழவழவென்று ஓடியது. சிப்பில் குறையே இல்லை; நீள வயர்தான் சுற்றியிருந்த இரைச்சலையெல்லாம் பிடித்து வந்திருக்கிறது.

"எந்த மடையன் இந்த வயரை மாட்டினான்?" என்று உறுமினார். லேப் முழுக்க அவரையே பார்த்தது.

"யாரோ அவசரத்துல மாட்டிட்டாங்க சார்," என்றாள் இசக்கி. "திட்டாதீங்க, நல்ல மனுஷர்தான்."

வரதராஜன் மெல்ல செல்வினின் தோளில் கை வைத்தார்.

"வாப்பா, அந்த நல்ல மனுஷன் டீ வாங்கித் தர்றான்."